ஓட்டுப் போடாதவன்தான் குற்றவாளியா? - ஃபெர்குசன் சொல்லும் கணக்கு

"ஓட்டுப் போடாதவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமை கிடையாது!"

தேர்தல் என்று வந்துவிட்டால் போதும், இந்த வசனத்தைச் சொல்ல ஆயிரம் பேர் கிளம்பிவிடுவார்கள். கேட்கவும் நியாயமாகத்தான் இருக்கும். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் ஒரே ஒரு ஊரின் கணக்கில் வைத்து உரசிப் பார்த்தால் இந்த வசனத்தின் சாயம் வெளுத்துவிடுகிறது. அந்த ஊரின் பெயர் ஃபெர்குசன்.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரத்தை ஒட்டி இருக்கிற சின்ன ஊர். 2010 கணக்கெடுப்பில் மக்கள் தொகை சுமார் 21,200. அதுவரை அமெரிக்காவிலேயே பல பேருக்கு இந்தப் பெயர் தெரியாது. 2014 ஆகஸ்ட் 9 அன்று மைக்கேல் பிரவுன் என்ற 18 வயது கறுப்பின இளைஞரை ஒரு வெள்ளைக்காரப் போலீஸ்காரர் நடுத்தெருவில் சுட்டுக் கொன்றார். இளைஞரின் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. போலீஸ்காரர் மேல் கடைசி வரை குற்றச்சாட்டு பதிவாகவில்லை. அது தனிக் கதை. ஊர் கொந்தளித்தது. கண்ணீர்ப்புகை, கவச வண்டி, தீ வைப்பு என்று வாரக்கணக்கில் உலக டிவிக்கள் எல்லாம் அந்த ஊரிலேயே குடியிருந்தன.

அப்போதுதான் பத்திரிகைக்காரர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். ஊரில் 100-க்கு 67 பேர் கறுப்பினத்தவர். ஆனால் மேயர் வெள்ளையர். கவுன்சிலர்கள் 6 பேரில் 5 பேர் வெள்ளையர். ஐம்பதுக்கும் மேற்பட்ட போலீஸ்காரர்களில் கறுப்பினத்தவர் விரல் விட்டு எண்ணும் அளவு. மெஜாரிட்டி மக்கள் ஒரு பக்கம், அதிகாரம் முழுக்க இன்னொரு பக்கம். மன்னராட்சி நாடாக இருந்தால் புரிந்துகொள்ளலாம். ஓட்டுப் போட்டு ஆள் எடுக்கும் ஊரில் இது எப்படி நடந்தது?

பதில் உடனே கிடைத்தது. 2013 ஏப்ரலில் நடந்த நகராட்சித் தேர்தலில் பதிவான ஓட்டு ஏறக்குறைய 12 சதவீதம். அவ்வளவுதான்! 2014 ஏப்ரலிலும் அதே நிலைமைதான். அந்த வருடம் மேயரை எதிர்த்து நிற்கக்கூட ஆள் இல்லை.

ஆஹா, விடை கிடைத்துவிட்டது என்று அறிவுரைக்காரர்கள் துள்ளிக் குதித்தார்கள். "கோபம் வந்தால் ரோட்டுக்கு வரத் தெரிகிறது, ஓட்டுச்சாவடிக்கு வரத் தெரியவில்லையா? சோம்பேறித்தனத்துக்கு யாரைக் குறை சொல்வது?"

இந்த அறிவுரைக்கு உரம் போட இன்னொரு செய்தியும் வந்தது. துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு ஃபெர்குசனில் 3,287 பேர் புதிதாக வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்திருக்கிறார்கள் என்று 2014 அக்டோபரில் முதலில் அறிவித்தார்கள். எழுச்சி, மறுமலர்ச்சி என்று எழுதித் தள்ளினார்கள். சில நாளில் தேர்தல் அலுவலகமே கணக்கைத் திருத்தியது. எண்ணிக்கை 3,287 இல்லை.... வெறும் 128! எழுச்சி என்று எழுதிய பேனாக்களே இப்போது "இவர்கள் திருந்தவே மாட்டார்கள்" என்று எழுத ஆரம்பித்தன.

ஒரு நிமிடம். இன்னொரு நெட்டை எடுத்துப் பாருங்கள்.

2012 நவம்பர். ஒபாமாவும் ராம்னியும் மோதிய அதிபர் தேர்தல். அதே ஃபெர்குசன், அதே மக்கள். அரசியல் ஆய்வாளர்கள் போட்ட மதிப்பீட்டின்படி, அந்தத் தேர்தலில் கறுப்பினத்தவரில் 54 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். வெள்ளையரில் 55 சதவீதம். வித்தியாசம் ஒரே ஒரு சதவீதம்!

ஐந்து மாதம் கழித்து 2013 ஏப்ரல். வெள்ளையரில் 17 சதவீதம். கறுப்பினத்தவரில் 6 சதவீதம்.

நவம்பரில் சுறுசுறுப்பாக இருந்த மனிதன் ஏப்ரலுக்குள் சோம்பேறி ஆகிவிட்டானா? ஐந்தே மாதத்தில் ஒரு இனமே பொறுப்பில்லாத கூட்டமாக மாறிவிட்டதா? 128 பேர்தான் புதிதாகப் பெயர் சேர்த்தார்கள் என்பதன் அர்த்தமும் இங்கேதான் இருக்கிறது. பாதிக்கு மேல் ஆட்கள் ஏற்கனவே வந்து ஓட்டுப் போட்டவர்கள். ஏற்கனவே பட்டியலில் இருப்பவன் மறுபடி எதற்குப் பெயர் சேர்க்க வேண்டும்?

மாறியது ஆள் இல்லை. தேதி!

இந்தச் சதவீதங்களை ஆளாக மாற்றிப் பார்த்தால்தான் விபரீதம் புரியும். ஊரில் மொத்தம் 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 67 பேர் கறுப்பினத்தவர், 29 பேர் வெள்ளையர், மீதி மற்றவர்கள். நவம்பரில் 67-ல் 54 சதவீதம் என்றால் 36 பேர். 29-ல் 55 சதவீதம் என்றால் 16 பேர். ஊர் எப்படி இருக்கிறதோ அப்படியே வரிசையும் இருக்கிறது. ஏப்ரலுக்கு வாருங்கள். 67-ல் 6 சதவீதம், நாலு பேர். 29-ல் 17 சதவீதம், ஐந்து பேர். முடிந்தது கதை. 67 பேர் சிறுபான்மை ஆகிவிட்டார்கள், 29 பேர் மெஜாரிட்டி ஆகிவிட்டார்கள். கள்ள ஓட்டு இல்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை, யாரையும் மிரட்டவில்லை. காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து வேறு இடத்தில் ஒட்டியதோடு சரி.

இன்னொன்றையும் கவனியுங்கள். நவம்பரில் ஒபாமாவுக்கு மிகப் பெரிய ஆதரவு கொடுத்த ஊருக்கு, ஏப்ரலில் வந்த மேயர் குடியரசுக் கட்சிக்காரர். நகராட்சித் தேர்தலின் ஓட்டுச்சீட்டில் கட்சிப் பெயரே இருக்காது என்பதால் பல பேருக்கு அது தெரியக்கூட வாய்ப்பில்லை. ஒபாமா கட்சி நல்லது, எதிர்க்கட்சி கெட்டது என்பதல்ல இங்கே பேச்சு. ஒரே ஊர் ஒரு மாதத்தில் ஒரு முகத்தையும் இன்னொரு மாதத்தில் வேறு முகத்தையும் காட்டுகிறது என்றால், எது உண்மையான முகம்?

யாரோ மேயர், யாரோ கவுன்சிலர், இதனால் என்ன குடி முழுகிப் போய்விடும் என்று கேட்பவர்கள், அந்த ஊரின் வரவு செலவைப் பார்க்க வேண்டும்.

2015 மார்ச்சில் அமெரிக்க மத்திய அரசின் நீதி அமைச்சகம் ஃபெர்குசன் போலீஸைப் பற்றி ஒரு விசாரணை அறிக்கை வெளியிட்டது. போலீஸைப் பற்றிய அறிக்கைதான், ஆனால் பாதி இடத்தில் ஒரு கம்பெனியின் ஆடிட் ரிப்போர்ட் மாதிரியே இருக்கும். 2010 நிதியாண்டில் நகராட்சியின் பொது நிதி வருவாய் 1 கோடியே 10.7 லட்சம் டாலர். அதில் நீதிமன்ற அபராதமும் கட்டணமும் 13.8 லட்சம். அதாவது எட்டில் ஒரு பங்கு. 2015 நிதியாண்டு பட்ஜெட்டில் மொத்தம் 1 கோடியே 32.6 லட்சம் எதிர்பார்த்தார்கள். அதில் அபராதம், கட்டணம் மட்டும் 30.9 லட்சம். ஏறக்குறைய கால் பங்கு!

கவனிக்க வேண்டிய சொல் "எதிர்பார்த்தார்கள்". தப்பு நடந்த பிறகு போடுவதுதான் அபராதம். இங்கே இத்தனை லட்சத்துக்குத் தப்பு நடந்தாக வேண்டும் என்று முன்கூட்டியே பட்ஜெட்டில் எழுதிவிட்டார்கள். விற்பனை இலக்கு மாதிரி! வருட முடிவுக்குள் டிக்கெட் எழுதுவதைக் கணிசமாகக் கூட்டாவிட்டால் அடுத்த வருடம் வசூலைக் கூட்டுவது கஷ்டம் என்று 2010 மார்ச்சில் நிதி இயக்குநர் போலீஸ் தலைவருக்கு எழுதியதும் அந்த அறிக்கையில் இருக்கிறது. புல் உயரமாக வளர்ந்ததற்கு அபராதம் 77-லிருந்து 102 டாலர். ரோட்டில் நடந்த விதம் சரியில்லை என்றுகூட ஒரு குற்றம் உண்டு. 2011 முதல் 2013 வரை அந்தக் குற்றத்துக்கு மாட்டியவர்களில் 95 சதவீதம் கறுப்பினத்தவர். 67 சதவீதம் பேர் இருக்கும் ஊரில் தப்பாக நடந்தவர்களில் 95 சதவீதம் அவர்கள்தானாம். நம்புங்கள்.

அந்த அறிக்கையில் ஒரு பெண்ணின் கதை வருகிறது. 2007-ல் ஒரே ஒரு முறை காரைத் தப்பான இடத்தில் நிறுத்தினார். இரண்டு டிக்கெட், 151 டாலர், கூடவே கட்டணங்கள். கையில் காசில்லை, சில காலம் வீடுகூட இல்லை. நீதிமன்றத்தில் ஆஜராகவில்லை, பணம் கட்டவில்லை என்று அடுத்தடுத்து ஏழு முறை குற்றம் பதிவானது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரண்ட், ஒரு புது அபராதம். இரண்டு முறை கைது, ஆறு நாள் சிறை. நடுவில் 25 டாலர், 50 டாலர் என்று கட்டப் பார்த்தார். முழுசாகக் கட்டு என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. மொத்தத்தில் அவர் கட்டிய தொகை 550 டாலர். 2014 டிசம்பரில் அவர் இன்னும் பாக்கி வைத்திருந்த தொகை 541 டாலர்!

கந்துவட்டிக்காரன்கூட இந்தக் கணக்கைப் பார்த்தால் கூச்சப்படுவான்.

இந்த பட்ஜெட்டுக்குக் கை தூக்கியது அதிபர் இல்லை, கவர்னர் இல்லை. ஏப்ரலில் ஒன்பது பேர் தேர்ந்தெடுத்த கவுன்சில். பர்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது மீதி 91 பேர். நவம்பரில் ஓட்டுப் போட்ட அந்த 36 பேரும் கவுன்சிலைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் நின்றிருந்தால், அபராதத்தை இலக்கு வைத்து வசூலிக்கும் ஒரு கவுன்சிலருக்கு அடுத்த தேர்தலைப் பற்றிக் கொஞ்சமாவது பயம் இருந்திருக்காதா?

இனி, ஏப்ரல் தேர்தலுக்கு வக்காலத்து வாங்குபவர்கள் சொல்லும் சப்பைக்கட்டுகளைப் பார்க்கலாம்.

சப்பைக்கட்டு 1: "ஏப்ரலில் ஓட்டுப் போட வேண்டாம் என்று யாரும் தடுக்கவில்லையே?"

தடுக்கவில்லைதான். ஒரு கடைக்காரர் எல்லோரும் கடைவீதிக்கு வரும் திருவிழா நாளில் கடையைச் சாத்திவிட்டு, யாருக்கும் ஞாபகம் இருக்காத ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் திறக்கிறார். பிறகு "இந்த ஊர்க்காரர்களுக்கு வாங்கும் பழக்கமே இல்லை" என்கிறார். அவரை வியாபாரி என்று யாராவது சொல்வார்களா? மிசூரியில் ஓட்டுச்சாவடி திறந்திருப்பது காலை 6 முதல் மாலை 7 வரை. அந்த நாள் விடுமுறையும் இல்லை. மணிக்கணக்குக் கூலிக்கு வேலை பார்ப்பவருக்கு ஒரு தேர்தலுக்கு நேரம் ஒதுக்குவதே பெரிய விஷயம். அடிக்கடி வீடு மாறும் வாடகைக்காரருக்கும், ஊருக்குப் புதிதாக வந்தவருக்கும் எந்த வார்டு, யார் நிற்கிறார் என்பதே தெரியாது. ஃபெர்குசனில் 1990-ல் நாலில் ஒருவர்தான் கறுப்பினத்தவர். இருபது வருடத்தில் அது மூன்றில் இருவர் ஆனது. ஆக, ஊரில் பெரும்பகுதி புதிதாக வந்த குடும்பங்கள். அதிபர் தேர்தலைப் பற்றிச் சொல்ல டிவி இருக்கிறது, கட்சி இருக்கிறது, கதவைத் தட்டும் தொண்டர் இருக்கிறார். ஏப்ரல் தேர்தலைப் பற்றி யார் சொன்னார்கள்?

சப்பைக்கட்டு 2: "உள்ளூர் விஷயத்துக்கு தனித் தேதி இருந்தால்தான் அதற்கு உரிய கவனம் கிடைக்கும். அதிபர் தேர்தலோடு சேர்த்தால் அமுங்கிப் போய்விடும்."

இதுதான் இருப்பதிலேயே கொஞ்சம் மரியாதையான வாதம். நூறு வருடத்துக்கு முன்னால் நகரத் தேர்தல்களைத் தேசியத் தேர்தலிலிருந்து பிரித்த சீர்திருத்தக்காரர்களும் இதைத்தான் சொன்னார்கள். கட்சி முதலாளிகளின் பிடியிலிருந்து நகராட்சியைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். அந்தக் கட்சி முதலாளிகள் பின்னால் நின்றவர்களில் பாதிப் பேர் ஏழைக் குடியேறிகள் என்பதும், பிரித்ததில் அவர்களின் ஓட்டு குறைந்தது என்பதும் தற்செயல் என்று நம்பச் சொல்கிறார்கள். சரி, நல்ல எண்ணம் என்றே வைத்துக்கொள்வோம். "உரிய கவனம்" எவ்வளவு கிடைத்தது? 12 சதவீதம்! அந்த 12 சதவீதத்திலும் யார் வருவார்கள்? சாரா ஆன்சியா என்ற அரசியல் அறிவியல் பேராசிரியர் 2014-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். தனித் தேதியில் நடக்கும் தேர்தலில், அதனால் நேரடியாக லாபம் பார்க்கும் அமைப்பாகத் திரண்ட கோஷ்டிகளின் கை ஓங்குகிறது என்பதுதான் சாரம். கூட்டம் குறைந்தால் கோஷ்டிக்குக் கொண்டாட்டம். இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சிகூட வேண்டாம், சொசைட்டித் தேர்தலைப் பார்த்த யாருக்கும் தெரியும்.

சப்பைக்கட்டு 3: "நவம்பரில் சீட்டு நீளமாக இருக்கும். மேலே அதிபருக்குப் போட்டுவிட்டுக் கீழே கவுன்சிலர் வரை வரமாட்டார்கள்."

உண்மைதான், கொஞ்சம் பேர் பாதியில் நிறுத்திவிடுவார்கள். தாராளமாக மூன்றில் ஒருவர் நிறுத்திவிடுகிறார் என்றே வையுங்கள். 54-ல் மூன்றில் ஒன்று போனால் 36 சதவீதம். அது 12-ஐ விட மூன்று மடங்கு. ஆறை விட ஆறு மடங்கு! நட்டம் போக மிச்சம் இவ்வளவு இருக்கும்போது நட்டத்தை மட்டும் காட்டுவது எந்த ஊர்க் கணக்கு? இரண்டு தேர்தலை ஒரே நாளில் வைத்தால் செலவு மிச்சம் என்பது உபரி லாபம்.

இது ஃபெர்குசனில் மட்டும் நடந்த அதிசயம் என்றால் விட்டுவிடலாம். கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் பெல் என்று ஒரு ஊர். சுமார் 35,000 பேர், பெரும்பாலும் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள். 2005 நவம்பர் கடைசியில் அங்கே ஒரு தனித் தேர்தல் வைத்தார்கள். நகராட்சிக்குத் தனிச் சாசனம் வேண்டுமா என்று கேள்வி. ஓட்டுப் போட்டவர்கள் 400 பேர்கூட இல்லை. சாசனம் நிறைவேறியது. கவுன்சிலர் சம்பளத்துக்கு மாநிலச் சட்டம் வைத்திருந்த உச்சவரம்பு அதோடு பறந்தது. 2010 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் பத்திரிகை தோண்டி எடுத்தபோது நகராட்சி நிர்வாகி ராபர்ட் ரிசோவின் வருடச் சம்பளம் ஏறக்குறைய 8 லட்சம் டாலர். அன்றைய அதிபர் ஒபாமாவின் சம்பளமே 4 லட்சம்தான்! பகுதி நேரக் கவுன்சிலர்களுக்கே வருடம் ஒரு லட்சத்தை ஒட்டி. ரிசோவுக்கு 2014-ல் 12 வருடம் சிறை கிடைத்தது. முன்னாள் கவுன்சிலர்கள் 5 பேர் 2013-ல் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 35,000 பேரின் கஜானாவுக்கு 400 பேர் சாவி கொடுத்த கதை இது.

கலிஃபோர்னியா பாடம் படித்தது. உள்ளூர் ஓட்டு மாநிலத் தேர்தல் ஓட்டை விட ரொம்பக் குறைவாக இருக்கும் ஊர்கள் இரண்டையும் ஒரே நாளில் வைக்க வேண்டும் என்று 2015-ல் சட்டம் கொண்டுவந்தது. மிசூரி? ஏப்ரலின் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய்தான் நகராட்சித் தேர்தல் நாள் என்று மாநிலச் சட்டமே குறித்து வைத்திருக்கிறது. ஃபெர்குசன் எரிந்த பிறகு அபராத வருவாய்க்கான உச்சவரம்பை 2015-ல் குறைத்தார்கள். நல்லதுதான். ஆனால் ஏப்ரலைத் தொடவில்லை. நோய்க்கு மருந்து கொடுத்தார்கள், கொசு வளரும் தொட்டியை அப்படியே மூடாமல் விட்டுவிட்டார்கள்.

பிறகு ஃபெர்குசனில் மாற்றமே வரவில்லையா? வந்தது. 2015 ஏப்ரல் தேர்தலில் தொண்டர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். கேமராக்கள் பார்த்துக்கொண்டிருந்தன. எல்லா ஜோன்ஸ், வெஸ்லி பெல் என்று கறுப்பினத்தவர் இருவர் ஜெயித்தார்கள். கவுன்சிலில் ஆறுக்கு மூன்று பேர் ஆனார்கள். 2017-ல் எல்லா ஜோன்ஸ் மேயருக்கு நின்று பழைய மேயரிடமே தோற்றார். 2020-ல் கொரோனாவால் ஜூனுக்குத் தள்ளிப்போன தேர்தலில் ஜெயித்து ஊரின் முதல் கறுப்பின மேயர், முதல் பெண் மேயர் ஆனார். வெஸ்லி பெல் 2024-ல் நாடாளுமன்றத்துக்கே போய்விட்டார்.

"பார்த்தீர்களா, மனசு வைத்தால் ஏப்ரலிலும் முடிகிறது" என்று இங்கே ஒருவர் எழுந்து நிற்பார். அவருக்கு ஒரே ஒரு எண். அந்த 2015 ஏப்ரலில், ஒரு உயிர் போய், ஊர் எரிந்து, உலகமே திரும்பிப் பார்த்த பிறகு பதிவான ஓட்டு 30 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. எதுவுமே நடக்காத 2012 நவம்பரில், யாரும் திரும்பிப் பார்க்காத அதே ஊரில், பாதிக்கு மேல். ஒரு சாவும் ஒரு கலவரமும் சேர்ந்து செய்ய முடியாததை ஒரு தேதி சத்தமில்லாமல் செய்திருக்கிறது.

தேதியை மாற்றினால் எல்லாம் தங்கமாகிவிடும் என்று சொல்லவில்லை. நவம்பரிலும் தப்பான ஆளைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அது ஊர் செய்த தப்பாக இருக்கும், ஒன்பது பேர் செய்த தப்பாக இருக்காது.

ஆகவே, அடுத்த முறை யாராவது 12 சதவீதம் என்ற எண்ணைக் காட்டி மக்களைத் திட்டினால், மக்களைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள். அந்தத் தேதியைக் குறித்தது யார்? ஓட்டுப் போடாத 88 பேரா, இல்லை அவர்கள் வராமல் இருந்தால் லாபம் பார்க்கிறவர்களா?